மாக்சிம் துப்பாக்கியும் கணக்கில் வராத சாட்சிகளும்



பொறியியலின் வரலாற்றைத் தமிழில் பேச வேண்டும், ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவரின் விருப்பம். இந்த ஆண்டு கொலைக்கருவி ஒன்றைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டபோது பொறுப்பாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு என் நன்றி. பாலங்களையும் நீராவி எஞ்சினையும் பேசுகிற நாம் ஆயுதங்களை வெறுத்து ஒதுக்கிவிடுகிறோம். வெறுப்பதில் தவறில்லை. ஆனால் ஒதுக்கிவிட்டால், அவை எப்படி உருவாயின, யார்மீது முதலில் பயன்பட்டன, யார் அவற்றைப் பார்த்தும் பாராமல் இருந்தார்கள் என்ற கேள்விகளும் சேர்ந்தே ஒதுங்கிப்போகின்றன.

இன்று நான் பேசப்போவது தொடக்ககாலக் கனரக இயந்திரத் துப்பாக்கியைப் பற்றி. ஏறத்தாழ 1862 முதல் 1919 வரையிலான கதை. இதில் என்னைப் பல ஆண்டுகளாக உறுத்துவது ஒரே கேள்விதான். 1914இல் ஐரோப்பியப் படைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதியபோது, இயந்திரத் துப்பாக்கியின் முன்னால் கூட்டமாக நடந்துபோன காலாட்படை கொத்துக்கொத்தாக விழுந்தது. தளபதிகள் திகைத்தார்கள். அந்த ஆயுதம் அப்போது புதியதா என்றால், இல்லை. வயது 30. அதே நாடுகளின் படைகள் அதே ஆயுதத்தை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் 20 ஆண்டுகளாகக் கையாண்டிருந்தன. அது என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்ட அதிகாரிகள் நூற்றுக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். அப்படியிருக்க, அந்த அறிவு எங்கே போயிற்று?

முதலில் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஒரே ஆள் பல குண்டுகளை அடுத்தடுத்துச் சுடவேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. 1718இல் லண்டனில் ஜேம்ஸ் பக்கிள் என்பவர் சுழலும் அறைகள் கொண்ட துப்பாக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆசை மட்டும் இருந்து பயனில்லை என்பதற்கு அது சான்று. வெடிமருந்தும் குண்டும் தனித்தனியாக இருக்கும்வரை, கல்லும் எஃகும் உரசித் தீப்பொறி எழவேண்டியிருக்கும்வரை, வேகம் என்பது கைக்கு எட்டாது. அடிப்புறத்திலேயே தீமூட்டி பொருத்திய உலோகத் தோட்டா 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வருகிறது. குண்டு, வெடிமருந்து, தீமூட்டி மூன்றும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள். தோட்டாக்கள் ஆயிரக்கணக்கில் மயிரிழை வேறுபாடின்றி ஒன்றுபோல் செய்யப்பட்டால்தான் ஓர் இயந்திரம் அவற்றை எடுத்து, நுழைத்து, வெடித்து, வெளியே தள்ள முடியும். ஆகவே இயந்திரத் துப்பாக்கியின் முதல் அத்தியாயம் போர்க்களத்தில் எழுதப்படவில்லை. தோட்டாத் தொழிற்சாலையின் அச்சுப் பொறிகளில் எழுதப்பட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 நவம்பர் 4 அன்று, ரிச்சர்டு கேட்லிங் தன் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வட கரோலினாக்காரர். விதை விதைக்கும் கருவிகளை வடிவமைத்துப் பெயர் பெற்றவர். மருத்துவம் படித்தார், ஆனால் மருத்துவராகத் தொழில் செய்யவில்லை. அவருடைய துப்பாக்கியில் ஆறு குழல்கள் ஓர் அச்சைச் சுற்றி நிற்கும். பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் குழல்களும் சுழலும். ஒரு குழல் மேலே வரும்போது தோட்டா தன் எடையாலேயே விழுந்து சேரும். கீழே போகும்போது வெடிக்கும். மறுபடி ஏறும்போது வெற்றுக்கூடு வெளியேறும். ஒரு சுற்றுக்கு ஒரு குழல் ஒரே ஒரு முறைதான் சுடும் என்பதால், அடுத்த முறை வருவதற்குள் அது கொஞ்சம் ஆறிவிடும். அறிவுக்கூர்மை மிக்க அமைப்பு. சுடும் வேகம் மட்டும் கைப்பிடியைச் சுழற்றுகிறவரின் கைவலிமையைப் பொறுத்தது. பதற்றத்தில் அவர் வேகம் தவறிச் சுழற்றினால் தோட்டா சிக்கிக்கொள்ளும்.

கேட்லிங் 1877இல் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. போரிலிருந்து காயம்பட்டவர்களும் நோயாளிகளும் பிணங்களும் இண்டியானாபோலிஸ் வழியே திரும்பி வருவதைப் பார்த்தேன். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நோய்தான். ஒரு மனிதர் நூறு பேரின் வேலையைச் செய்யும் துப்பாக்கி இருந்தால் பெரும்படைகளே தேவைப்படா, நோய்க்கு இரையாகிறவர்களும் குறைவார்கள் என்று எண்ணினேன் என்கிறார். அவர் இதை மனமாரச் சொன்னார் என்றே நான் கருதுகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மையும்கூட. அந்தப் போரில் நோய்க்கு இறந்தவர்கள் குண்டுக்கு இறந்தவர்களைவிட அதிகம். ஆனால், ஒருவர் நூறு பேரின் வேலையைச் செய்ய முடியும் என்றானதும், மிச்சமான 99 பேரையும் எந்த அரசும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

பிரான்சின் கதை வேறு. மூன்றாம் நெப்போலியனின் ஆதரவில், மூடோன் என்ற ஊரில், ரெஃபி என்ற அதிகாரியின் பொறுப்பில் 25 குழல்கள் கொண்ட மித்ரையஸ் துப்பாக்கி உருவானது. அதைப் பரம ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். எதிரிக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று வைத்த ரகசியம், கடைசியில் சொந்தப் படைக்கே தெரியாத ரகசியமாக முடிந்தது. 1870இல் பிரஷியாவோடு போர் மூண்டபோது, அதை எங்கே நிறுத்துவது, எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர். பார்ப்பதற்குப் பீரங்கிபோல் சக்கர வண்டியில் இருந்ததால் பீரங்கியாகவே நடத்தினார்கள். தொலைவில், திறந்த வெளியில் நிறுத்தினார்கள். அதைவிடத் தொலைவுக்கு எட்டும் பிரஷியாவின் குருப் பீரங்கிகள் அதை நொறுக்கின. கிராவலோத் களத்தில் காலாட்படைக்கு எதிராக அது பெரும் சேதம் விளைவித்தும், போர் முடிந்தபின் ஐரோப்பியப் படைத்தலைமைகளின் நினைவில் தங்கியது அந்தத் தோல்விதான். இத்தகைய துப்பாக்கிகளால் பெரிய பயன் இல்லை என்ற தீர்ப்பு வெகுகாலம் நிலைத்தது.

கைப்பிடி சுழற்றும் துப்பாக்கிகளின் பலவீனம் எவ்வளவு கொடியது என்பதை 1885 ஜனவரி 17 அன்று சூடானின் அபு க்லியாவில் பிரிட்டிஷார் கண்டார்கள். கடற்படைப் பிரிவு கொண்டுவந்த கார்ட்னர் துப்பாக்கி சிறிது நேரம் சுட்டுவிட்டுச் சிக்கிக்கொண்டது. சூடான் கிளர்ச்சித் தலைவர் மஹதியின் வீரர்கள் நெருங்கிவந்து அதைச் சுற்றியிருந்தவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். மணலும் சூடும் கருமருந்தின் கசடும் சேர்ந்தால் எந்த இயந்திரமும் நின்றுபோகும்.

அந்தக் கசடைப் பற்றி ஒரு சொல். பழைய கருமருந்து எரியும்போது பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அது குழலை அடைக்கும். வெளியே வரும் பகுதி வெண்புகை மூட்டமாகி, சுட்டவரின் கண்ணையே மறைக்கும். நிமிடத்துக்கு 600 குண்டு சுடும் துப்பாக்கிக்கு அந்த மருந்தைப் போட்டால், சிறிது நேரத்தில் குறிபார்க்க எதுவும் இராது. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். இயந்திரத் துப்பாக்கியின் வரலாற்றில் வியேயின் பெயர் அடிக்குறிப்பில்தான் வருகிறது. அவருக்குரிய இடம் அதைவிடப் பெரிது.

இனி ஹைரம் மாக்சிம்.

1840இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு சொற்பம். வண்டி செய்யும் பட்டறையில் வேலை பழகி, பிறகு மின்விளக்குத் தொழிலுக்கு வந்தார். 1881இல் பாரிஸ் மின்பொருள் கண்காட்சிக்கு வந்தவர் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார். மின்சாரத்தை விடு, இந்த ஐரோப்பியர்கள் ஒருவரையொருவர் இன்னும் எளிதாகக் கொன்றுகொள்ள ஏதாவது கண்டுபிடித்துக் கொடு, பணம் கொட்டும் என்று ஒருவர் தமக்கு யோசனை சொன்னதாக மாக்சிமே பின்னாளில் சொல்லிவந்தார். லண்டனில் ஹாட்டன் கார்டன் தெருவில் சிறிய பட்டறை ஒன்றைப் பிடித்தார். 1883 முதல் காப்புரிமைகள் வரிசையாக வருகின்றன. 1884இல் துப்பாக்கி இயங்கிவிட்டது.

அவர் செய்தது என்ன? துப்பாக்கி சுட்டவர் எல்லோருக்கும் தெரியும், குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி தோளில் உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. நூற்றாண்டுகளாகத் தோள்கள் தாங்கிக்கொண்ட வீண் ஆற்றல் அது. அந்தப் பின்னுதைப்பையே வேலைக்காரனாக்கினால் கைப்பிடி சுழற்ற ஆள் தேவையில்லை என்று மாக்சிம் கண்டார். இந்த ஓர் எண்ணத்தில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. மற்றதெல்லாம் அதை எஃகில் நிறைவேற்றும் கைத்திறன்.

அந்தக் கைத்திறனைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். சுடும் கணத்தில் குழலும் அதன் பின்னாலுள்ள பூட்டும் ஒன்றாக இறுகியிருக்கும். பூட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துவது, நம் முழங்காலைப் போன்ற ஒரு மூட்டு. காலை நேராக நீட்டி நிற்கும்போது எவ்வளவு பாரத்தையும் தாங்குகிறோம். முழங்கால் ஒரு நூல் மடங்கினாலும் சரிந்துவிடுகிறோம். அதே தத்துவம். குண்டு வெடிக்கும்போது மூட்டு நேராக இருப்பதால் அழுத்தம் முழுவதையும் தாங்குகிறது. உதைப்பில் குழலும் பூட்டும் சேர்ந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் பின்னால் வரும். குண்டு குழலைவிட்டு வெளியேறி, அழுத்தம் அபாயமில்லாத அளவுக்குக் குறைந்திருக்கும் அந்தக் கணத்தில், மூட்டு மடங்குகிறது. குழல் நின்றுவிட, பூட்டு மட்டும் தொடர்ந்து பின்னே போகிறது. போகும்போது அதன் முகத்திலுள்ள தகடு, குழலிலிருந்து வெற்றுக்கூட்டையும், மேலேயுள்ள துணிநாடாவிலிருந்து புதுத் தோட்டாவையும் ஒரே இழுப்பில் உருவிக்கொள்கிறது. பிறகு அந்தத் தகடு கீழே சரிய, புதுத் தோட்டா குழலுக்கு நேராகவும், வெற்றுக்கூடு வெளியேறும் துளைக்கு நேராகவும் வந்து நிற்கின்றன. பக்கவாட்டில் இழுபட்டிருக்கும் சுருள்வில் எல்லாவற்றையும் மறுபடி முன்னுக்கு இழுக்கிறது. மூட்டு நிமிர்கிறது. விசையை அழுத்தியபடி இருந்தால் மறுபடி வெடி. இவ்வளவும் நொடிக்குப் பத்து முறை.

இயந்திரவியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைவிடச் சுருக்கமான அசைவுத் தொடரை நான் அதிகம் பார்த்ததில்லை. பூட்டு ஒரு முறை போய்வருவதற்குள் ஐந்தாறு வேலைகள் முடிந்துவிடுகின்றன. இந்த அழகை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அழகாக இருந்ததால்தான் அது இவ்வளவு பேரைக் கொல்ல முடிந்தது.

வெப்பம் அடுத்த பிரச்சினை. ஒரே குழல் நிமிடத்துக்கு 600 முறை வெடித்தால் சூடேறிப் பழுத்துவிடும். மாக்சிம் குழலைச் சுற்றிப் பித்தளையில் ஒரு நீருறை வைத்தார். பின்னாளைய விக்கர்ஸ் துப்பாக்கியில் ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். விடாமல் சுட்டால் மூன்று நிமிடத்தில் கொதிக்கத் தொடங்கும். நீராவி எழுந்து இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, ரப்பர் குழாய் வழியாக அதை ஒரு தகரப் பாத்திரத்துக்குள் விட்டுக் குளிரவைத்து, அந்தத் தண்ணீரையே மறுபடி ஊற்றிக்கொள்வார்கள். குழல் முன்னும் பின்னும் அசையவும் வேண்டும், தண்ணீர் ஒழுகவும் கூடாது. அதற்காக எண்ணெயில் ஊறிய கல்நார்க் கயிற்றைக் குழலின் இரு முனைகளிலும் சுற்றி இறுக்குவார்கள். அதிகம் சுற்றினால் குழல் இறுகிச் சுடும் வேகம் குறையும். குறைவாகச் சுற்றினால் தண்ணீர் சொட்டும். இந்தக் கயிறு சுற்றும் வேலை நல்ல துப்பாக்கிக்காரரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டியது. துப்பாக்கி நின்றுபோனால் பக்கவாட்டுக் கைப்பிடி எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கோளாறு, ஒவ்வொரு கோளாற்றுக்கும் ஒரு கைவைத்தியம். இருட்டில் தடவிப் பார்த்தே செய்யுமளவுக்குப் பழக்கினார்கள்.

ஆக, இது தனிமனிதர் ஏந்தும் ஆயுதம் அன்று. ஜெர்மானியர் மாக்சிமின் வடிவத்தைக்கொண்டு செய்த எம்.ஜி.08, அதன் சறுக்குத் தாங்கியோடு சேர்த்து 60 கிலோவுக்கு மேல். ரஷ்யர்கள் அதற்குச் சிறு சக்கரங்கள் பொருத்தினார்கள். சுடுகிறவர் ஒருவர், நாடாவை ஊட்டுகிறவர் ஒருவர், தோட்டாப் பெட்டியும் தண்ணீரும் சுமக்கிறவர்கள் இன்னும் சிலர். கித்தான் நாடா ஒன்றில் 250 தோட்டாக்கள். நாடா ஈரமானால் சுருங்கித் தோட்டாவை விடாது. அது ஒரு சிறு தொழிற்சாலைப் பிரிவு. வேலைப் பங்கீடு, பராமரிப்பு, மூலப்பொருள் வரத்து எல்லாம் உண்டு.

வியாபாரம் வளர்ந்தது. 1884இல் தொடங்கிய கம்பெனிக்கு ஆல்பர்ட் விக்கர்ஸ் தலைவரானார். 1888இல் நார்டன்ஃபெல்ட் கம்பெனியோடு இணைந்தது, 1897இல் விக்கர்ஸ் குடும்பத்தின் கைக்கு முழுவதுமாகப் போனது. மாக்சிம் 1901இல் சர் பட்டம் பெற்றார். முதுமையில் மார்புச்சளியால் அவதிப்பட்ட அவர் மூச்சில் மருந்தாவி இழுக்கும் கருவி ஒன்றைச் செய்தபோது, இது உங்கள் பெயருக்கு இழுக்கு என்று நண்பர்கள் கடிந்துகொண்டார்களாம். கொல்லும் கருவி செய்தால் பெருமை, நோயைத் தணிக்கும் கருவி செய்தால் சிறுமையா என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அந்த வருத்தம் நியாயமானது.

இனி, இந்த ஆயுதம் யார்மீது முதலில் பயன்பட்டது என்பதற்கு வருகிறேன்.

1893இல் செசில் ரோட்ஸின் கம்பெனி இன்றைய ஜிம்பாப்வேயிலுள்ள ந்டெபெலே அரசின்மீது படையெடுத்தது. ஏறத்தாழ 700 பேர் கொண்ட படை, சில மாக்சிம் துப்பாக்கிகள். அக்டோபர் 25 அதிகாலையில் ஷங்கானி ஆற்றருகிலும், நவம்பர் 1 அன்று பெம்பெசியிலும் ஆயிரக்கணக்கான ந்டெபெலே வீரர்கள் கட்டுக்கோப்போடு தாக்கினார்கள். மாக்சிம்களின் முன்னால் அலையலையாக விழுந்தார்கள். மன்னர் லோபெங்குலா தலைநகரைக் கைவிட்டுப் போனார். அடுத்து 1898 செப்டம்பர் 2, சூடானின் ஓம்டர்மான். பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படையிடம் பீரங்கிகள், ஆற்றில் போர்ப்படகுகள், மாக்சிம்கள். ஒரே காலைப்பொழுதில் மஹதியின் வழிவந்தவர்களில் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். எதிர்த்தரப்பில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. எல்லாவற்றையும் மாக்சிம் செய்யவில்லை, பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால், திறந்த வெளியில் முன்னேறும் மனிதர்களுக்கு என்ன நேரும் என்பதில் அன்றைக்குப் பிறகு யாருக்கும் ஐயம் இருக்க நியாயமில்லை.

மூன்றாவது சம்பவத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். 1904 மார்ச் 31, திபெத்தின் குரு என்ற இடம். யங்ஹஸ்பண்ட் தலைமையில் இந்தியாவிலிருந்து போன தூதுப்படை லாசாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வழியில் கல்சுவர் ஒன்றின் பின்னால் திபெத்தியர்கள் நின்றார்கள். கையில் திரிவைத்துச் சுடும் பழந்துப்பாக்கிகளும் வாள்களும். யாரும் முதலில் சுட விரும்பவில்லை. அவர்களைச் சூழ்ந்துகொண்டு ஆயுதங்களைப் பறிக்க முனைந்தபோது கைகலப்பு மூண்டது, ஒரு வெடிச்சத்தம் கேட்டது, பிறகு எல்லாப் பக்கமிருந்தும் சுட்டார்கள். நார்ஃபோக் படைப்பிரிவின் இரண்டு மாக்சிம்களும் சேர்ந்துகொண்டன. சில நிமிடங்களில் சுமார் 600 பேர் இறந்தார்கள். அங்கிருந்தவர்கள் பலரும் எழுதிவைத்த ஒரு செய்தி என்னை விட்டு அகலவில்லை: திபெத்தியர்கள் ஓடவில்லை. முதுகைக் காட்டி, தலைகுனிந்து, மெதுவாக நடந்துபோனார்கள். நடக்க நடக்க விழுந்தார்கள். மாக்சிம்களுக்குப் பொறுப்பாக இருந்த இளம் அதிகாரி, மனம் பொறுக்காமல் சுடுவதை நிறுத்திவிட்டதாகத் தன் தாய்க்கு எழுதினார்.

அந்தக் கடிதம் அவர் தாயோடு நின்றது. படைப்பயிற்சி நூல்களில் அதற்கு இடமில்லை. இங்கேதான் என் கேள்விக்கான விடை இருக்கிறது என்று நம்புகிறேன். ஷங்கானியிலும் ஓம்டர்மானிலும் குருவிலும் விழுந்தவர்களின் சாவு ஐரோப்பியப் படைத்தலைமைக்கு ஓர் ஆய்வுமுடிவாகத் தோன்றவில்லை. அவர்கள் பழங்குடிகள், கூட்டமாக வந்தார்கள், அதனால் செத்தார்கள். பயிற்சி பெற்ற ஐரோப்பியச் சிப்பாய் மன உறுதியால் குண்டுமழையைக் கடந்துவிடுவான் என்று நினைத்தார்கள். ந்டெபெலே வீரர்களின் மன உறுதிக்கு என்ன குறை? ஓம்டர்மானில் குண்டை நோக்கி நடந்தவர்களைவிடத் துணிந்தவர்கள் எந்த நாட்டில் இருந்தார்கள்? அந்தச் சாட்சியங்களைக் கேட்க மறுத்ததன் விலையை ஐரோப்பியத் தாய்மார்களின் பிள்ளைகள் பத்தாண்டு கழித்துக் கொடுத்தார்கள். 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் போர்ட் ஆர்தரின் அரண்கள் முன்னால் இதே காட்சி நடந்தது. பல நாட்டுப் பார்வையாளர்கள் பார்த்தார்கள், அறிக்கை எழுதினார்கள். அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டதோ, ஜப்பானியர் எவ்வளவு உயிர் போனாலும் தாக்கி வென்றார்கள் என்பதைத்தான்.

1914இல் பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். ஜெர்மன் ரெஜிமென்ட்டுக்கு, அதாவது மூன்று பட்டாலியன்களுக்கு, ஆறு. எண்ணிக்கையில் வேறுபாடே இல்லை. ஜெர்மானியர் அந்த ஆறையும் ஒரே கம்பெனியாகத் திரட்டி, தேர்ந்த அதிகாரியின் கீழ், வேண்டிய இடத்தில் குவித்துப் பயன்படுத்தினார்கள். அவர்களிடம் எங்கு பார்த்தாலும் இயந்திரத் துப்பாக்கி இருந்ததாகப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் எண்ணியதற்கு இதுவே காரணம்.

இந்தப் போரில் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1914 அக்டோபர் 31, பெல்ஜியத்தின் ஹொல்லபெக்கே. 129ஆவது பலூச்சிப் படைப்பிரிவின் சிப்பாய் குதாதாத் கான், இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் ஒருவர். அதிகாரி காயமுற்றார். இன்னொரு துப்பாக்கியை எறிகுண்டு நொறுக்கியது. தன்னோடிருந்த ஐந்து பேரும் சாகும்வரை, காயத்தோடு, அவர் சுட்டுக்கொண்டே இருந்தார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர்.

நான்கு நாள் கழித்து, நவம்பர் 4 அன்று, இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில் நடந்தது பெருமையாகப் பேசப்படாத கதை. இந்தியாவிலிருந்து கப்பலில் போன ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படையில், பெங்களூர்ப் பிரிகேடைச் சேர்ந்த 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் இருந்தது. எதிரே ஜெர்மன் தளபதி ஃபான் லெட்டோ-ஃபோர்பெக்கின் கீழ் சுமார் 1,000 பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, கடல்மயக்கத்தில் வாடி இறங்கியவர்களை உச்சி வெயிலில், ரப்பர் தோட்டத்துக்கும் உயர்ந்த பயிருக்கும் நடுவே, ஒற்றறிதல்கூட ஒழுங்காகச் செய்யாமல் தளபதி எய்ட்கன் நடத்திச்சென்றார். ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் திறந்தபோது பாளையங்கோட்டைப் படை சிதறியது. வடக்கு லங்காஷயர், காஷ்மீர் ரைஃபிள்ஸ் வீரர்கள் நகருக்குள் நுழைந்தும் நிலைக்க முடியவில்லை. தேனீக் கூட்டம் ஒன்று கிளம்பி 98ஆவது காலாட்படையைக் கொட்டியதும் அந்நாளில்தான். மறுநாள் படை கப்பலேறியது. 455 துப்பாக்கிகளையும், பல இயந்திரத் துப்பாக்கிகளையும், லட்சக்கணக்கான தோட்டாக்களையும் எதிரிக்கு விட்டுச்சென்றது. லெட்டோ-ஃபோர்பெக் அவற்றைக்கொண்டே தொடர்ந்து போரிட்டார்.

பிரிட்டிஷ் பதிவுகள் பாளையங்கோட்டைப் படையைக் கோழைகள் என்று ஏசின. சென்னை மாகாணத்தவர் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று 1880களிலிருந்தே சொல்லி, மதராஸ் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்தும், வடக்கத்திப் படைகளாக மாற்றியும் வந்தவர்களுக்கு அது வசதியான சான்று. ஆனால் 1916 ஜூலை 1 அன்று சோம் நதிக்கரையில் பிரிட்டனின் தேர்ந்த பட்டாலியன்கள் இதே ஆயுதத்தின் முன் என்ன ஆயின? பிரிட்டிஷ் பீரங்கிகள் ஒரு வாரம் 15 லட்சம் குண்டுகள் பொழிந்த பிறகு, சுண்ணாம்பு மண்ணில் ஆழத் தோண்டிய பதுங்கறைகளிலிருந்து ஜெர்மானியர் தங்கள் எம்.ஜி.08ஐ இழுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் வீழ்ந்தார்கள். அவர்களில் 19,240 பேர் இறந்தார்கள். அவர்களை யாரும் கோழைகள் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அதே நேர்மை டாங்காவில் சிதறியவர்களுக்கும் உரியது.

போரின் பிற்பகுதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் 1915 அக்டோபரில் இயந்திரத் துப்பாக்கிக்கென்றே தனிப்படை அமைத்தது. அதில் பணியாற்றிய 1,70,500 பேரில் 62,049 பேர் இறந்தோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். சொந்தக் காலாட்படையின் தலைக்கு மேலாக, கண்ணுக்குத் தெரியாத இலக்கின்மீது, கோணம் கணக்கிட்டுச் சுடும் முறை வளர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஹாட்ச்கிஸ் துப்பாக்கியில் தண்ணீரை விட்டுவிட்டு, குழலைச் சுற்றித் தடித்த உலோக வளையங்களால் வெப்பத்தைக் காற்றில் விட்டார்கள். பின்னுதைப்புக்குப் பதிலாக வெடிவாயுவையே உந்துவிசையாக்கினார்கள். அமெரிக்காவில் ஜான் பிரௌனிங்கின் துப்பாக்கி 1917இல் சோதனையில் 48 நிமிடங்களுக்கு மேல் விடாமல் சுட்டது. விக்கர்ஸ் பிரிட்டிஷ் படையில் 1968வரை இருந்தது.

இந்தியாவிலேயே நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் விடமுடியாது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகுக்கு ஜெனரல் டயர் 50 துப்பாக்கிச் சிப்பாய்களோடு, இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளையும் கொண்டுபோனார். உள்ளே போகும் சந்து குறுகலானது, வண்டிகள் நுழையவில்லை. 1,650 குண்டுகளும் சாதாரணத் துப்பாக்கிகளிலிருந்தே சுடப்பட்டன. அரசுக் கணக்குப்படி 379 பேர் இறந்தார்கள். இதை விசாரித்த ஹண்டர் குழுவின் உறுப்பினர் சிமன்லால் செதல்வாட், வண்டிகள் நுழைய முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா என்று கேட்டார். அநேகமாகச் சுட்டிருப்பேன் என்று டயர் ஒப்புக்கொண்டார். ஓம்டர்மானையும் குருவையும் வெறும் நிர்வாக நடவடிக்கைகளாக எண்ணிப் பழகிய ஓர் அமைப்பு, அந்தப் பதிலைத் தயக்கமின்றிச் சொல்லும் மனிதரை உருவாக்கியதில் வியப்பில்லை.

இங்கே ஆய்வு மாணவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தார்கள் என்று பொறித்த கல்வெட்டுகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இன்னும் இருக்கின்றன. சிலவற்றில் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள், சில பள்ளிக்கூடச் சுவரில் பதிந்திருக்கின்றன. அவற்றில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இராது. டாங்காவில் போர்க்கல்லறைகள் இருக்கின்றன. அங்கே அடங்கியவர்களையும் நினைக்கப்படுகிறவர்களையும் பற்றிய பதிவுகளைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் பேணிவருகிறது. இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து, பாளையங்கோட்டைப் படையில் சென்றவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், திரும்பியவர்கள் என்ன சொன்னார்கள் என்று தமிழில் ஒரு நூல் எழுதமுடியும். குடும்பங்களில் இன்னும் பதக்கங்களும் ஓய்வூதியத் தாள்களும் இருக்கக்கூடும். தாமதித்தால் அவையும் பழைய தாள்களோடு எடைக்குப் போய்விடும். கோடை விடுமுறையில் தொடங்குங்கள். முதலில் உங்கள் சொந்த ஊர்க் கல்லைப் படமெடுத்து, அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.